பந்து கையில் நிற்குமா? உயரம் குறைந்த வேக வீரரை ரிட்டர்னராக எடைபோடுதல்

உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு வீரர் ஆடுகிறார். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 170 பவுண்டுக்குச் சற்று மேல். 40 யார்டை 4.3 விநாடிக்குள் ஓடிவிடுகிறார். கல்லூரியில் கிக்ஆஃபை, அதாவது ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும் பந்தை, திருப்பி ஓடிச் சில டச்டவுன்களும் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) எடுத்திருக்கிறார். இவரை ரிட்டர்னர், அதாவது எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுபவர், என்ற கணக்கில் ஒரு என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) அணி டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்கலாமா, எடுத்தால் எந்தச் சுற்றில் எடுக்கலாம்? அந்த 40 யார்டு நேரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் ஓடத் தொடங்குவதற்கு முன்பு என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்பதே என் பதில். ரிட்டர்னரின் தலையெழுத்து பெரும்பாலும் பந்து கைக்கு வந்து சேரும் இடத்திலும், ஆட்ட நாளன்று பயிற்சியாளர் இறுதி செய்யும் பெயர்ப்பட்டியலிலும் எழுதப்பட்டுவிடுகிறது. ஓட்டம் அதற்குப் பிறகு வரும் விஷயம்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டிரி ஆர்ச்சர்: 5 அடி 8 அங்குலம், 173 பவுண்டு. 2012 பருவத்தில் பந்தைச் சுமந்து ஓடியே 1,429 யார்டு சேர்த்த அவர், அதே பருவத்தில் மூன்று கிக்ஆஃப்களை டச்டவுனாக மாற்றினார். டிராஃப்டுக்கு முன் வீரர்களின் உடல்திறனைச் சோதிக்கும் முகாமான கம்பைனில், 2014இல், 40 யார்டை 4.26 விநாடியில் ஓடினார். கிறிஸ் ஜான்சன் 2008இல் ஓடிய புகழ்பெற்ற 4.24க்கு ஒட்டினாற்போன்ற நேரம் அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை மூன்றாம் சுற்றில், 97ஆவது தேர்வாக எடுத்தது. ஆனால் அங்கே பன்ட்டை (முன்னேற முடியாத எதிரணி உதைத்து ஒப்படைக்கும் பந்தை) பிடிக்கும் வேலை ஏற்கெனவே ஆன்டோனியோ பிரவுனிடம் இருந்தது. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்காக நெருக்கத்துக்குள் ஓடவிட ஆர்ச்சரின் உடல்வாகு இடம் தரவில்லை. மிஞ்சியது கிக்ஆஃப் ஒன்றுதான். அந்த ஆண்டுகளில் அதிலும் ஏறக்குறைய பாதி உதைகள் ஓட்டமே இல்லாமல் டச்பேக்காக (பந்து களத்தின் கோடியிலுள்ள எல்லைப் பகுதிக்குள் போய், குறித்த கோட்டிலிருந்து ஆட்டம் தொடர்வதாக) முடிந்துகொண்டிருந்தன. ஒரு டச்டவுன்கூட எடுக்காமல், 2015 நவம்பரில், அனுபவசாலியான ஜக்கோபி ஜோன்ஸுக்கு இடம்விட்டு ஆர்ச்சர் வெளியேறினார்.

இரண்டாமவர் மார்க்கஸ் ஜோன்ஸ். முதலில் ட்ராய், பிறகு ஹூஸ்டன் பல்கலைக்கழகங்களில் ஆடிய கார்னர்பேக், அதாவது எதிரணியில் பந்து பிடிப்பவர்களைக் காவல் காக்கும் தடுப்பாட்டக்காரர். ஆர்ச்சரின் உயரமே, எடையும் கிட்டத்தட்ட அதேதான். கல்லூரியில் ஒன்பது ரிட்டர்ன் டச்டவுன்கள் எடுத்தவர். அவற்றில் ஆறு கிக்ஆஃபில், மூன்று பன்ட்டில். தோள் அறுவைச் சிகிச்சை காரணமாக 2022 கம்பைனில் அவர் ஓடவே இல்லை, ஆகவே அவருக்குப் பெயர் சொல்லும் கடிகார எண் எதுவும் கிடையாது. இருந்தும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை மூன்றாம் சுற்றில் 85ஆவதாக எடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று ஜெட்ஸ் அணிக்கு எதிராக 3-3 என்று இழுபறியில் இருந்த ஆட்டத்தில், கடைசி விநாடிகளில் வந்த பன்ட்டை 84 யார்டு திருப்பி ஓடி வெற்றி தேடித் தந்தார். முதல் ஆண்டிலேயே பன்ட் ரிட்டர்னராக, ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். அதோடு நிற்காமல் கார்னர்பேக்காக ஆடி ஒரு பந்தைப் பறித்து டச்டவுன் எடுத்தார், தாக்குதல் ஆட்டத்திலும் ஒரு டச்டவுன் எடுத்தார். தேர்வு வரிசையில் இவருக்கும் ஆர்ச்சருக்கும் இடையே பன்னிரண்டு இடம்தான் வித்தியாசம். உடலும் வேகமும் இந்த இருவரையும் பிரிக்கவில்லை என்றால் பிரித்தது எது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீரரிடம் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் பன்ட்டைப் பிடிப்பது. கிக்ஆஃப் என்பது தரையில் நிறுத்திய பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது. பன்ட் என்பது முன்னேற வழியில்லாத அணி கையிலிருந்து பந்தை விட்டு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பது. கடினமான வேலை இரண்டாவதுதான். தேர்ந்த என்எஃப்எல் பன்ட் சுமார் 45 யார்டு பயணித்து, நாலரை விநாடி அந்தரத்தில் நிற்கும். அதற்குள் கன்னர்கள் எனப்படும் இரு ஓரத்து ஓட்டக்காரர்களும் ரிட்டர்னரின் முகத்துக்கு நேரே வந்துவிடுவார்கள். டீப் மிட்விக்கெட்டில் உயரே எழும்பிய பந்துக்குக் கீழே நிற்கும் ஃபீல்டரை நினைத்துக்கொண்டு, அவர் பந்தைத் தொட்ட அதே கணத்தில் இடித்துச் சாய்க்க இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடிவருவதாகவும் சேர்த்துக்கொண்டால், இந்த வேலையின் சங்கடம் புரியும். பிடிக்கப் போய்த் தவறவிட்டால் அது மஃப். எதிரணி அந்தப் பந்தின் மீது விழுந்து எடுத்துக்கொள்ளலாம். தன் அணியின் தடுப்பாட்டம் பாடுபட்டுப் பெற்றுத் தந்த வாய்ப்பை ரிட்டர்னர் ஒரே விநாடியில் தாரைவார்த்துவிடுகிறார். ஒரு பருவத்தில் இரண்டு டச்டவுன் எடுத்து நான்கு பந்தைத் தொலைப்பவரைவிட, ஒன்றும் எடுக்காமல் ஒன்றையும் தொலைக்காதவரையே பெரும்பாலான பயிற்சியாளர்கள் விரும்புவார்கள். பார்வையாளர்களாகிய நமக்கு அது அலுப்பாக இருக்கலாம், ஆனால் அவர்கள் கணக்கில் பிழையில்லை.

காணொளியில் கவனிக்க வேண்டியது முகத்தையும் கால்களையும்தான். உதைத்த பந்தின் மூக்கு உச்சியில் கவிழ்ந்தால் அது இன்னும் தூரம் போகும். கவிழாமல் நிமிர்ந்தே இருந்தால் முன்னால் வந்து விழும். நல்ல ரிட்டர்னர் இதை முதல் ஒன்றரை விநாடிக்குள் படித்துவிட்டு, விழும் இடத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, ஒருமுறை கண்ணை இறக்கிக் கன்னர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி பந்துக்குத் திரும்புவார். பந்து வந்து சேரும்போது முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், பாதங்கள் ஓடத் தயாராக மெல்ல அசைந்துகொண்டிருக்கும். தேறாதவர் கடைசி நொடிவரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார், பின்னால் சாய்ந்தபடி நெஞ்சிலிருந்து கைகளை விலக்கிப் பிடிப்பார். வேகமான கால்கள் இந்தக் குறையைக் கல்லூரியில் மறைத்துவிடும், ஏனென்றால் எவ்வளவு தாமதமாகக் கிளம்பினாலும் எப்படியோ பந்துக்கடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். இடதுகால் பன்டரின் பந்து எதிர்த்திசையில் சுழன்று வருவதால் பழகாதவர்கள் தடுமாறுவார்கள். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துப் பழக்கத்தோடு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரும் பன்டர்களோ தலைகீழாகப் புரண்டு வரும் பந்தையும் உதைப்பார்கள். இவற்றை எதிர்கொண்ட ஆட்டங்கள் உங்கள் வீரரின் பதிவில் இருந்தால் அவை தங்கம்.

இங்கே விதி வேறுபாடு ஒன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். என்எஃப்எல்லில் பன்ட் உதைக்கப்படும் முன்பே புறப்பட்டு ஓட ஓரத்திலுள்ள இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி. கல்லூரியில் எல்லோரும் ஓடலாம். அதனால் கல்லூரி அணிகள் பன்டருக்கு முன் மூவரை அரணாக நிறுத்திவிட்டு மற்றவர்களை ஓடவிடுகின்றன, அல்லது பன்டர் பக்கவாட்டில் சில அடி ஓடித் தரையோடு உருளும்படி உதைக்கிறார். இதன் விளைவு, கல்லூரி ரிட்டர்னர் பல பந்துகளைத் தொடாமலேயே விட்டுவிடுகிறார். பருவம் முழுக்க ஆடியிருந்தாலும், ஓரிரு எதிராளிகள் நெருங்கி நிற்க உயரமான பந்தை அவர் பிடித்த தருணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருக்கலாம். உங்கள் வீரர் கிக்ஆஃப் மட்டுமே வாங்கியவர் என்றால் இந்தக் கேள்விக்குக் கல்லூரிப் பதிவில் பதிலே இருக்காது. அப்போது அலபாமாவின் மொபீல் நகரில், டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பௌல் பயிற்சிகளிலும், அணிகள் நேரில் அழைத்துச் சோதிக்கும்போதும்தான் தெரியவரும். ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி அடுத்ததைப் பிடிக்கச் சொல்வார்கள், பிறகு இரண்டை இடுக்கியபடி மூன்றாவதை. சர்க்கஸ் வேலைபோலத் தெரிந்தாலும், கையை நீட்டிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர் இதில் உடனே அகப்பட்டுவிடுவார்.

பிடிப்பதற்கு ஈடாக முடிவெடுப்பதும் முக்கியம். கையை உயர்த்தி ஃபேர் கேட்ச் (திருப்பி ஓடாமல், இடிபடாமல் பிடிக்கும் உரிமை) கேட்க வேண்டியது எப்போது, ஓட வேண்டியது எப்போது, பந்தைத் தரையில் விட்டுவிட்டுத் தன் ஆட்களிடம் "பாய்சன்" என்று கத்தி விலகச் சொல்ல வேண்டியது எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும். குதிகாலைத் தன் பக்கத்து 10 யார்டு கோட்டுக்கு (தன் கடைசிக் கோட்டிலிருந்து 10 யார்டு) அருகில் ஊன்றிக்கொண்டு, அதற்குப் பின்னால் போகும் பந்தைத் தொடாதே என்பது பழைய பாடம். வேகக்காரர்களுக்கு இந்தப் பாடம் ஏறுவது கடினம், ஏனென்றால் 4 யார்டு கோட்டில் பிடித்து எல்லோரையும் ஏமாற்றி ஓடிய நினைவு அவர்களுக்குப் பள்ளிக்காலத்திலிருந்தே இருக்கும். டிரிண்டன் ஹாலிடேயை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி 5 அங்குலம். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாணவராக 2009இல் தேசியக் கல்லூரிகளுக்கான 100 மீட்டர் ஓட்டப் பட்டம் வென்றவர். 2010இல் ஆறாம் சுற்றுத் தேர்வு. 2013 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு எதிரான ப்ளேஆஃப் ஆட்டத்தில், டென்வர் ப்ரான்கோஸுக்காக ஒரு பன்ட்டை 90 யார்டும் ஒரு கிக்ஆஃபை 104 யார்டும் திருப்பி ஓடி இரண்டு டச்டவுன் எடுத்தார். ஒரே ப்ளேஆஃப் ஆட்டத்தில் இரண்டு வகையிலும் டச்டவுன் எடுத்தவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை. ஆனால் பந்தைத் தவறவிடும் பழக்கமும் அவரோடு கூடவே வந்தது. ஓராண்டு கழித்து அதே அணி ப்ளேஆஃபுக்கு வந்தபோது, பன்ட் பிடிக்கப் பின்னால் நின்றவர் எரிக் டெக்கர் என்ற உயரமான ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்.

அடுத்து உடல். உயரக் குறைவையும் எடைக் குறைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த விவாதங்களில் நான் அடிக்கடி காணும் கோளாறு. ரிட்டர்னருக்கு உயரக் குறைவு பாதகமே இல்லை, சில வேளைகளில் அனுகூலம்கூட. தடுத்துக்கொடுக்கும் பெரிய உடல்களுக்குப் பின்னால் மறைந்து நின்று, எதிராளி கண்டுகொள்வதற்குள் இடைவெளியில் நுழைந்துவிடலாம், இடுப்பு தாழ்வாக இருப்பதால் வெட்டித் திரும்புவதும் எளிது. 2005இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட டேரன் ஸ்ப்ரோல்ஸ் 5 அடி 6 அங்குலம்தான், ஆனால் 190 பவுண்டு. தொடைகள் உரல்களாக இருந்ததால் ஒரு கை பட்டவுடன் விழுந்துவிடமாட்டார். 2011இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்காக எல்லா வகையிலும் சேர்த்து 2,696 யார்டு எடுத்து அவர் ஒரே பருவத்துக்கான என்எஃப்எல் சாதனையை நிகழ்த்தினார். 2000இல் ஐந்தாம் சுற்றில் போன டான்டே ஹாலும் 5 அடி 8 அங்குலத்தில் 187 பவுண்டு இருந்தவர். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்காக 2003இல் தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் ரிட்டர்ன் டச்டவுன் எடுத்தார். ஆகவே அங்குலத்தை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கையின் அகலத்தையும் பாருங்கள்: கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 9 அங்குலத்துக்குக் குறைந்தால், நனைந்த பந்தைப் பற்றிக்கொள்வது பற்றிச் சந்தேகம் எழுவது நியாயமே.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 40 யார்டு ஓட்டத்தில் எனக்கு வேண்டியது முதல் 10 யார்டுக்கான நேரம் மட்டும்தான், ஏனென்றால் பன்ட்டைப் பிடித்த ரிட்டர்னருக்கு நேர்கோட்டில் ஓட 40 யார்டு யாரும் தருவதில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டில் முதல் ஆளைக் கழற்றிவிட்டு உடனே எதிரணியின் எல்லையை நோக்கித் திரும்புகிறாரா, அல்லது பக்கவாட்டில் ஓடி ஓரத்தைப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறாரா? இரண்டாவது வழி கல்லூரியில் பலிக்கும், என்எஃப்எல்லில் பலிக்காது. ரிட்டர்னரைப் பிடிக்க ஓடிவருகிற லைன்பேக்கர்கள் எனப்படும் கனத்த தடுப்பாட்டக்காரர்களே 4.5 விநாடியில் ஓடுகிறவர்கள்.

புள்ளிவிவரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் பருவத்தில் 15 கிக்ஆஃபைத் திருப்பி ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு முறை 20 யார்டு, ஒரு முறை 95 யார்டு. சராசரி 25 ஆகிவிடும், அதை வைத்து அவரைத் தேசிய அளவில் பேசுவார்கள். அந்த 95 யார்டு ஓட்டம் பலவீனமான எதிரணியோடு செப்டம்பரில் நடந்ததா, நடுவில் யாராவது தொட்டார்களா, அல்லது தடுப்பாளர்கள் வாசலைத் திறந்துவைத்த பிறகு வெறுமனே ஓடியதா என்று பார்க்காமல் அந்தச் சராசரிக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: எதிரணிகள் அவரிடம் பந்தை உதைக்கவே அஞ்சி வெளியே தள்ளியிருந்தால் அவருடைய எண்ணிக்கை மெலிந்து தெரியும், ஆனால் அந்த அச்சமே அவருக்கான நற்சான்று.

இனி கிக்ஆஃப் விதி. 2023வரை நிலவிய முறையில் என்எஃப்எல் கிக்ஆஃப்களில் ஐந்தில் ஒன்றுதான் திருப்பி ஓடப்பட்டது. கிக்ஆஃப் ரிட்டர்னர் என்ற தனி வேலையே ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது. 2024இல் முறை மாறியது. உதைப்பவர் தன் 35 யார்டு கோட்டில் நிற்க, அவருடைய பத்துத் தோழர்களும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள். பந்தை வாங்கும் அணியின் தடுப்பாளர்கள் அவர்களுக்கு ஐந்து யார்டு எதிரே, 35க்கும் 30க்கும் இடையே. பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை இந்த இரு வரிசையிலும் யாரும் அசையக்கூடாது. பந்து நேராக எல்லைப் பகுதிக்குள் போய் டச்பேக்கானால் ஆட்டம் தொடங்கும் இடம் 2024இல் 30 யார்டு கோடு, 2025இல் 35. அந்தத் தண்டனைக்கு அஞ்சி அணிகள் பந்தை எல்லைப் பகுதிக்கு முன்பே களத்துக்குள் விழச்செய்கின்றன. 2025 பருவத்தில் பெரும்பாலான கிக்ஆஃப்கள் ஓட்டமாகவே முடிந்தன. உங்கள் வீரருக்கு இது நல்ல செய்தி, அதோடு கொஞ்சம் கெட்ட செய்தியும். வேலை பெருகியிருக்கிறது, ஆனால் அது ரன்னிங் பேக்கின் வேலையாக மாறியிருக்கிறது. நெருக்கமாக நிற்கும் சுவரில் இடைவெளியைத் தேர்ந்து, தயங்காமல் நுழைந்து, ஓர் இடியைத் தாங்க வேண்டும், அதுவும் ஓர் ஆட்டத்தில் பலமுறை. மெலிந்தவர்களால் இயலவே இயலாது என்றும் சொல்லிவிட முடியாது. 153 பவுண்டு என்று பட்டியலிடப்பட்ட டல்லஸ் கௌபாய்ஸின் கவான்டே டர்பின், 2024 நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிராகக் கை நழுவிய பந்தை எடுத்து, ஒரு சுழற்சியில் ஆளைக் கழற்றி, 99 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். ஆனால் டர்பின் பன்ட்டும் பிடிக்கிறவர், ரிசீவராகவும் ஆடுகிறவர். இன்னொன்று: கல்லூரியில் கிக்ஆஃப் பழைய முறையிலேயே நடக்கிறது, 25 யார்டுக்குள் ஃபேர் கேட்ச் கேட்டால் பந்து 25இல் வைக்கப்படும். ஆகவே அவருடைய கல்லூரிக் கிக்ஆஃப் ஓட்டங்களைப் பார்த்து என்எஃப்எல் கிக்ஆஃபைக் கணிப்பதைவிட, அவர் ரன்னிங் பேக்காகவோ ஸ்லாட் ரிசீவராகவோ (ஓரத்தில் அல்லாமல் உட்புறம் நிற்கும் ரிசீவர்) நெருக்கத்தில் ஓடியவற்றைப் பார்த்துக் கணிப்பது மேல்.

எந்தச் சுற்று என்பதற்கு வருகிறேன். அணியில் 53 பேர் இருக்கலாம், ஆனால் ஆட்ட நாளன்று உடையணிந்து இறங்குகிறவர்கள் அதிகபட்சம் 48. அந்த 48இல் ஓர் இடத்தை ரிட்டர்னராக மட்டுமே இருப்பவருக்குக் கொடுக்க எந்தப் பயிற்சியாளரும் யோசிப்பார். யாராவது ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் காயம் பட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்த இடம்தான். மார்க்கஸ் ஜோன்ஸ் தன் இடத்தைக் கார்னர்பேக்காக முன்பே ஈட்டிவைத்திருந்தார், ரிட்டர்ன் அதன்மேல் கிடைத்த லாபம். ஆகவே உங்கள் வீரர் வாரத்துக்கு இருபது முறையாவது வேறு ஒரு வேலையில் களத்தில் நிற்கக்கூடியவர், பன்ட்டையும் நிதானமாகப் பிடிக்கிறவர் என்றால் மூன்றாம் சுற்றின் பின்பகுதிகூட மிகையில்லை. பன்ட் பிடிப்பார், ஆனால் வேறு வேலை தெளிவாக இல்லை என்றால் ஐந்தாம் சுற்றுக்கு முன்னால் தொட வேண்டாம். கிக்ஆஃப் மட்டும்தான் என்றால் ஏழாம் சுற்று, அல்லது டிராஃப்ட் முடிந்தபின் தனி ஒப்பந்தம், கடிகாரம் 4.26 காட்டினாலும் சரி.

காணொளி பார்க்க நேரம் குறைவு என்றால் டச்டவுன் தொகுப்புகளைத் திறக்கவே வேண்டாம். நவம்பர் மாதத்தில் திறந்தவெளி மைதானத்தில் காற்றோடும் ஈரத்தோடும் நடந்த ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் பன்ட்டுக்காகப் பின்னால் நின்ற ஒவ்வொரு முறையையும் வரிசையாகப் பாருங்கள், ஃபேர் கேட்ச் கேட்டவற்றையும் விடாமல். தொலைக்காட்சிப் படம் பந்து வந்து சேரும்வரை பன்டரையும் பந்தையும்தான் காட்டும், ரிட்டர்னரைக் கடைசியில்தான் காட்டும். அதனால் எல்லா வீரர்களும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னர் பத்தடி தூரத்தில் இருக்கும்போது அவர் கண் பந்தைவிட்டு ஒருமுறைக்கு மேல் கீழே இறங்கினால், அந்த இடத்தைக் குறித்துவைத்து, அதே போன்ற அடுத்த பந்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.